செயின் சா மிஷினை விற்கச் சொன்னாயே, அதைப் பற்றி

மக்களே,

என் கையில் தையல் போட்டதைக் கேட்டு, மரம் அறுக்கிற மிஷின்களை எல்லாம் விற்றுவிடச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு சத்தம் போட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பதில் இல்லாமல் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் அவள் காதில் விழுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி பத்தரை மணி, வெளியே நல்ல மழை, கரண்ட் இரண்டு தடவை போய் வந்துவிட்டது. நீ நைட் டியூட்டி முடித்து, தூங்கி எழுந்து, சாயா குடித்துவிட்டு நிதானமாகப் படி.

முதலில் அந்தத் தையல். கையில் 4 தையல் போட்டது உண்மைதான், ஆனால் அது செயின் சா அறுத்தது இல்லை. வெட்டுகத்தி. மரச்சீனிக் கிழங்குக் கம்பை நடுவதற்காக நறுக்கிக்கொண்டே, வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவரிடம் ரப்பர் விலை பேசிக்கொண்டிருந்தேன், பேச்சு சுவாரசியத்தில் கம்பு எது விரல் எது என்று கத்திக்குத் தெரியவில்லை. பத்து வயதிலிருந்து கையில் இருக்கிற கத்தி அது. அதை விற்கச் சொல்லி யாரும் போன் செய்யவில்லை பார்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். உனக்கு இது எப்படித் தொடங்கியது என்று முழுசாகத் தெரியாது, நீ அப்போது நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காலையில் ரப்பர் விளைக்குப் போய்ப் பார்த்தால் நம்முடைய 140 மூடு ரப்பர் மரத்தில் அறுபதுக்கு மேல் படுத்துக் கிடந்தது. சிலது வேரோடு, சிலது இடுப்பில் முறிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் கடற்கரையில் இருக்கும்போது மரத்துக்காக அழக்கூடாது என்று பாட்டா அன்றைக்குச் சொன்னார், நானும் அழவில்லை. ஆனால் வழியை அடைத்துக் கிடக்கிற மரத்தை அறுக்க வேண்டுமே. மிஷின் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ரோட்டையும் வீட்டுக் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம்முடைய முறை வர 12 நாள் ஆனது. அப்புறம் வந்த தடி வியாபாரி நேரான தடியை மட்டும் வண்டியில் ஏற்றினார், கொப்பும் கோணலும் அப்படியே கிடந்தன. செங்கல் சூளைக்காரர் எடுத்தால் எடுக்கட்டும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த மாசம்தான் மார்த்தாண்டத்தில் பழைய இரும்பு வாங்குகிற ஒரு ஆக்கர் கடையில், பழைய சைக்கிள் ரிம்முக்கு அடியில் ஒரு மிஷின் கிடந்தது. எடைக்குத்தான் கேட்டேன், இரும்பு விலைக்கே கொடுத்தார். பஸ் டிப்போவில் 31 வருஷம் டீசல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவனுக்கு இந்தக் கைப்பிடி அளவு எஞ்சின் எம்மாத்திரம் என்று நினைத்தேன். என்னைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டது.

இதில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். பழைய மிஷினுக்கு நான் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். யாரோ அவசரக்காரர் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறார். சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல். சிலிண்டர் போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பல சிலிண்டர்களில் உள்சுவரில் கடினமான முலாம் இருக்கும், கீறல் மாதிரித் தெரிவது பெரும்பாலும் அதன்மேல் உருகி ஒட்டிக்கொண்ட பிஸ்டனின் அலுமினியம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்து நுரைத்து அலுமினியம் கரைந்துவிடும், முலாம் அப்படியே நிற்கும். முற்றத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையுறை போட்டுத்தான் செய்தேன், நர்ஸ் மகளே, பயப்படாதே. அப்புறம் கழுவி, நைஸ் எமரித்தாள் போட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டினேன்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, டயஃப்ரம், எஞ்சின் விடுகிற மூச்சில் அது துடித்துத்தான் பெட்ரோலை இழுக்கும். அது பழைய அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. அதை மாற்றினால் பெட்ரோல் டியூபில் விரிசல். அதையும் மாற்றி, பிளக் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்து இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது, 23ஆவது இழுப்பில் பற்றியது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வீடு இடிந்துவிட்டது என்று ஓடி வந்தாள். நான் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. இப்போது நான்கு இருக்கின்றன, நீ சொன்ன மாதிரி ஆறு இல்லை, இரண்டு வெறும் உதிரிப் பாகங்கள். ஆக்கர் கடைக்காரர்களே இப்போது எனக்குப் போன் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஸ்டார்ட்டர் கயிறைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். சடாரென்று இறங்கினால் உள்ளே ஒன்றும் இல்லை, விட்டு விட்டு யோசித்து இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்துகிற பலம், பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பம்பில் கிடைக்கிற பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, மிச்சத்தை ஓட்டியே தீர்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

விறகு வாங்கப் பத்து ரூபாய் செலவு செய்யவில்லை என்று நான் பெருமை பேசுவது உனக்குச் சிரிப்பு. பெட்ரோல், ஆயில், செயின், அரம் எல்லாம் கணக்குப் போட்டால் கேஸே மலிவு, அதை ஒத்துக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஆனால் கண்முன்னால் நல்ல விறகு மட்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. கரண்ட் கம்பிக்காகக் கொப்பு வெட்டிப் போட்டால் வீட்டுக்காரரே கூப்பிடுகிறார். ரப்பர் முறித்து மறுநடவு போடுகிற விளையில் தடி போனபின் கொப்பு நமக்கு. போன மாசம் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் பிலா மரம் ஓட்டின்மேல் சாய்ந்திருந்தது, ஆள் வைத்து முறித்துவிட்டு அடிக்கட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். பிலாவை விறகாக்க மனசு வராது, மஞ்சள் மஞ்சளாக என்ன வைரம்! நல்ல துண்டை எல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், உன் பையனுக்கு ஒரு குட்டி ஸ்டூலுக்கு ஆகும். புறம்போக்கு மரத்தில் மட்டும் கை வைப்பதில்லை, விழுந்து கிடந்தாலும் சரி.

ரப்பர் விறகு சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். பிளந்து அடுக்காமல் விட்டால் வண்டு துளைத்து மாவு மாவாகக் கொட்டும். புளி வேறு ஜாதி, கோடாலிக்கு மசியாது, ஆனால் கனல் ராத்திரி முழுக்க நிற்கும். முருங்கையை எவனும் சீண்ட மாட்டான். தென்னைத் தடி செயினின் பல்லைத் தின்றுவிடும், பனை அதைவிட மோசம். ஒரு தடவை கீரிப்பாறை பக்கம் நண்பர் தோட்டத்தில் தெரியாமல் சேரு மரத்தை அறுத்துவிட்டு, முகமும் கழுத்தும் வீங்கி ஒரு வாரம் கிடந்தேனே, உனக்குச் 'சாதாரண அலர்ஜி' என்று சொன்னது அதுதான். பாட்டி இருந்திருந்தால் அந்த வீக்கம் தீரத் தான்றி மரத்தைச் சுற்றிவரச் சொல்லியிருப்பாள், அது அவள் நம்பிக்கை.

நம் ஊரில் ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவிலும் சும்மா இராது. தை முதல் சித்திரை வரைதான் விறகுக்கு வெயில். தரையில் படாமல் கல் வைத்து, பட்டை மேலே பார்க்க அடுக்கி, மேலே மட்டும் தகரம். தரையில் பட்டால் சிதல் பிடித்துவிடும். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் ஈர விறகு பொத்தென்று கேட்கும், காய்ந்தது கணீரென்று பேசும். அந்தச் சத்தத்துக்காகவே நான் நாள்தோறும் ஒரு நடை போய்த் தட்டிப் பார்க்கிறேன் என்று அம்மா சொன்னால், உண்மைதான். வெந்நீருக்கும் மரச்சீனி அவிக்கவும் போக மிச்சம் மேலத்து வீட்டு ஆச்சிக்குப் போகிறது, கிறிஸ்துமஸ் சமயம் முந்திரிக்கொத்து சுடுகிற வீடுகளுக்குப் போகிறது. காசு வாங்குவதில்லை. கொத்து மட்டும் வாங்கிக்கொள்வேன்.

இப்போது அந்தச் சங்கதி.

நான்கில் பெரிய மிஷின் ஒன்று உண்டே, நூறு சிசிக்கு மேலே, நீ தூக்கிப் பார்த்து 'அப்பா இது பைக்கா' என்று கேட்டாயே, அதுதான் என் செல்லம். பழைய காலத்தது, மிஷின் எகிறினால் செயினைச் சட்டென்று நிறுத்துகிற செயின் பிரேக் கிடையாது. மாசி மாசத்தில் ஒருநாள் கொல்லாமாவு, அதாவது முந்திரி மரத்துக் கொப்புகளைக் குவித்துப் போட்டு அதில் அறுத்துக்கொண்டிருந்தேன். சின்ன மிஷினால் ஆகியிருக்கும், பெரியதின் சத்தத்தைக் கேட்கிற ஆசை. செயின் சுற்றி ஓடுகிற பட்டை இரும்பு, அந்தப் பாரின் நுனி, அதுவும் நுனியின் மேல்பாதி, குவியலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு கொப்பில் பட்டது. அவ்வளவுதான். மிஷின் எகிறியது. எகிறியது என்றால், கை அதைத் தூக்கவில்லை, அதுதான் கையைத் தூக்கியது. பார் என் முகத்துக்கு நேராக வரவில்லை, வலது காதுக்குப் பக்கமாகப் போனது. அறுக்கிற கோட்டுக்கு இடப்பக்கமாக விலகி நிற்கிற பழக்கமும், இடது பெருவிரலைக் கைப்பிடிக்கு அடியில் சுற்றிப் பிடிக்கிற பழக்கமும் இருந்ததால் தப்பித்தேன். தொப்பியின் ஓரத்தில் ஒரு கிழிசல். அம்மா கேட்டதற்கு முள்ளில் மாட்டியது என்றேன்.

செயின் பட்டாலும் காலைக் காப்பாற்றும் என்று நீ அனுப்பிய ஆரஞ்சுக் கால்சட்டை காலில் இல்லை. வெறும் சாரம், கைலிதான் கட்டியிருந்தேன். தனியாக வேறு இருந்தேன்.

மிஷினை ஆஃப் செய்துவிட்டு அந்தக் குவியல்மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வார்டுக்கு வருகிற ஆட்களைப் பற்றி நீ சொல்வாயே, எல்லாருமே 'ஒரு செகண்ட்தான் சிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள் என்று. அது ஞாபகம் வந்தது.

நீ விற்கச் சொன்னாய். மற்ற மூன்றிலும் பிரேக் இருக்கிறது, வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன், அவற்றை விற்கப் போவதில்லை, நீ கோபப்பட்டாலும் சரி. பெரியதை விற்கலாமா என்று யோசித்தேன். கேட்டு ஆள் வந்தார், குலசேகரத்திலிருந்து, இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பையன், கூலிக்கு மரம் அறுக்கப் போகிறவன், நல்ல விலை சொன்னான். கயிற்றை இழுத்துக் காட்டினேன், முதல் இழுப்பிலேயே பற்றியது, அவன் கண் அப்படி விரிந்தது. அவனும் சாரம்தான் கட்டியிருந்தான். கொடுக்க மனசு வரவில்லை, ரிப்பேர் பாக்கி இருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பினேன். மறுநாள் செயினையும் பாரையும் கழற்றி, பிளக்கை எடுத்துவிட்டு, ஷெட்டில் உயரமாக ஆணி அடித்து மாட்டிவிட்டேன். அது இனி இறங்காது. துடைப்பேன், அவ்வளவுதான்.

தனியாக இருக்கும்போது எதையும் ஸ்டார்ட் செய்வதில்லை என்றும் வைத்திருக்கிறேன். இப்போது அம்மா முறத்தோடு வந்து தள்ளி உட்கார்ந்துகொள்கிறாள், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். ஏன் திடீரென்று கூப்பிடுகிறேன் என்று அவளுக்குச் சந்தேகம் இருக்கிறது. நீ சொல்லிவிடாதே, சமயம் பார்த்து நானே சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் கால்சட்டை. அதை நான் நம்பவே இல்லை, துணி எப்படி செயினை நிறுத்தும்? அதனால் போன வாரம் ஒரு ரப்பர்த் துண்டுக்கு அதை உடுத்திக் கட்டிவைத்து, சின்ன மிஷினை முழு வேகத்தில் அதன் தொடையில் வைத்தேன். மேல்துணி கிழிந்ததும் உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நீள நார் பிடுங்கிக்கொண்டு வந்து செயினை ஓட்டுகிற பல்சக்கரத்தில், ஸ்பிராக்கெட்டில், சுற்றி, செயின் டக்கென்று நின்றுவிட்டது. கட்டையில் ஒரு கோடுகூட விழவில்லை. அந்த நாரை எல்லாம் சிக்கெடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மிஷின் வேலையை அருகில் வந்து பார்த்தாள்.

ஒரு தடவை நார் வெளியே வந்துவிட்டால் அந்தக் கால்சட்டை அதற்கப்புறம் உதவாதாம். ஆகவே மே மாசம் வரும்போது சென்ட், பாதாம் எதுவும் வேண்டாம், இன்னொன்று வாங்கிவா. இடுப்பு 38. கூடவே 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம் அரை டஜன்.

அப்பா