வினாத்தாளை மாற்றுங்கள், வகுப்பு தானாக மாறும்

மதிப்பிற்குரிய தாவரவியல், விலங்கியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்களுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு நீங்கள் உட்காரும் முன் ஒரு வேண்டுகோள்.

இலை கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் படிகளான கால்வின் சுழற்சியைப் படம் போட்டு, நொதிகளின் பெயரோடு பிழையில்லாமல் எழுதும் மாணவர்களிடம், "வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து என்பார்கள் பலர். தண்ணீர் என்பார்கள் சிலர். காற்றில் இருந்த கரியமில வாயுதான் கட்டையாகவும் கிளையாகவும் நிற்கிறது என்று சொல்ல ஆள் தேட வேண்டும். அந்தச் சுழற்சி சொல்வதே அதைத்தான்!

இதே கேள்வியை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி சோதித்தார். சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணில், 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. ஆகவே எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, அவர் எங்கே சறுக்கினார் என்று இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னால் வகுப்பு சூடுபிடித்துவிடும். "அப்படின்னா உரம் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். கனிம ஊட்டப் பாடத்துக்குள் அவர்களே நுழைந்துவிட்டார்கள், பாருங்கள்.

ஆனால் செமஸ்டர் தேர்வில் வருவது "கால்வின் சுழற்சியை விவரி" என்பதுதான். பழைய வினாத்தாள்கள் ஜெராக்ஸ் கடையில் கட்டாகக் கிடைக்கின்றன. அதைப் படித்தாலே தேறிவிடலாம் என்னும்போது, யோசிக்கச் சொல்லும் ஆசிரியர் நேரத்தை வீணாக்குபவராகத் தெரிகிறார். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு எத்தனை புத்தாக்கப் பயிற்சி நடத்தினாலும், 75 மதிப்பெண் தாள் மாறாதவரை வகுப்பறை மாறாது என்பது என் உறுதியான எண்ணம்.

பலன் இருக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம். மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்புகளில் இது சின்ன வித்தியாசமா?

"போர்ஷன் முடியாது" என்பார்கள். நியாயம்தான், அதனால் பாடத்தைக் குறையுங்கள். பெந்தம், ஹூக்கர் வகுத்த தாவர வகைப்பாட்டு முறைப்படி வரிசையாகக் குடும்பங்களை ஒப்பிப்பதைவிட, நாலு குடும்பத்தின் பூக்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பெயர் தெரியாத ஐந்தாவது பூ எந்தக் குடும்பம் என்று காரணத்தோடு சொல்லட்டும்.

செய்முறையும் இப்படித்தான். வெங்காய வேர் நுனியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் படம் வரைகிறார்கள். அப்படி வரைந்தால்தான் கையெழுத்துக் கிடைக்கும் என்ற நிலை. நூறு செல்களை எண்ணி, செல் பிரிதலின் எந்த நிலையில் எத்தனை என்று குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான செல்கள் ஏன் பிரியத் தொடங்காத இடைநிலையிலேயே இருக்கின்றன என்று கேளுங்கள். அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம், மொழி. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த மாணவி, ஆங்கில வகுப்பில் வாய் திறக்காததை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். அவள் பக்கத்துப் பெண்ணிடம் சவ்வூடு பரவலைத் தமிழில் விளக்கட்டும். விடையும் தமிழில் எழுதட்டும். கலந்துரையாடல் எந்த மொழியிலும் இருக்கலாம் என்று பாடத்திட்டத்திலேயே ஒரு வரி போட்டால், தயங்கும் ஆசிரியர்களுக்குத் துணிச்சல் வரும்.

நான் கேட்பது இதுதான். 75இல் 20 மதிப்பெண்ணையாவது, முன்பு பார்த்திராத ஒரு தரவையோ சோதனையையோ கொடுத்து விளக்கச் சொல்லும் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். மாதிரி வினாக்களைப் பாடத்திட்டத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வருடம் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். விடைத்தாள் திருத்துபவர்களுக்கும், விடை ஒரே மாதிரி இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வினாக்கள் தயாரிக்கக் கூப்பிட்டால் விடுமுறை நாளிலும் வருகிறேன். என்னோடு வேலை செய்யும் வேறு சிலரும் வருவார்கள்.

அன்புடன்,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்