தற்காலிக வேலைதான், அப்பா

நியூயார்க்,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, பாட்டி எல்லோரும் நலமா? போனில் பேசினால் அம்மா சாப்பாட்டைத் தாண்டி வேறு பேச்சுக்கு வருவதில்லை, அதனால்தான் கடிதம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிறேன், அங்கே கீழ்த்தளத்துக் கேன்டீனில் நல்ல தோசை கிடைக்கிறது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். சாமிக்காகப் போகிறாயா தோசைக்காகவா என்று மட்டும் கேட்க வேண்டாம்.

"டாக்டர் பட்டமும் வாங்கியாச்சு, இன்னும் என்ன தற்காலிக வேலை?" என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கணித ஆராய்ச்சியில் பலருக்கும் இதுதான் பாதை. பட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று வருஷம் போஸ்ட்டாக், அதாவது தற்காலிக ஆராய்ச்சி வேலை. பிறகு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தாலும், ஐந்தாறு வருஷம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள்.

பொன்னேரியில் வாத்தியாராக இருந்த உங்களுக்குக் கணித மேதை எஸ். ஆர். எஸ். வரதனைத் தெரியாமல் இருக்காது. அவருடைய அப்பா உங்கள் ஊர் போர்டு ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர். மகன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கல்கத்தாவில் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவிடம் டாக்டர் பட்டம் வாங்கி, 1963இல் இங்கே வந்து இறங்கினார். வயது 23. விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு பஸ் பிடித்து வந்தாராம். அவர் சேர்ந்த, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரன்ட் கணித நிறுவனம் அப்போது இருந்தது ஒரு பழைய தொப்பித் தொழிற்சாலைக் கட்டடத்தில். அவருக்குக் கொடுத்த அறைக்கு ஜன்னல்கூட இல்லை. வேலை? போஸ்ட்டாக்தான், அப்பா! மூன்று வருஷம் கழித்துத்தான் ஆசிரியர் பதவி. அப்புறம் அங்கேயே பேராசிரியர், இரண்டு முறை இயக்குநர், 2007இல் கணிதத்தின் மிகப் பெரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு. ஆசியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

இந்த நிறுவனமே ஊரைவிட்டு வந்தவர்கள் கட்டியது. ரிச்சர்டு கூரன்ட் ஜெர்மனியில் கோட்டிங்கனில் பெரிய பேராசிரியர். 1933இல் நாஜிகள் வேலையைப் பறித்ததும் இங்கிலாந்து போய், அடுத்த வருஷம் நியூயார்க் வந்து சேர்ந்தார். பின்னாளில் இங்கே பேராசிரியரான பீட்டர் லாக்ஸ் 1941இல் ஹங்கேரியிலிருந்து பெற்றோரோடு தப்பி வந்தபோது பதினைந்து வயதுப் பையன். எனக்கு உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, விசாக் கவலை மட்டும்தான். அதனால் இவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. எனக்கு ஜன்னல் வைத்த அறையே கிடைத்திருக்கிறது, எதிரே செங்கல் சுவர்தான் தெரிகிறது என்றாலும்.

வரதன் அப்படி என்ன கண்டுபிடித்தார் என்று பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. 1000 முறை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் விழுமா? விகிதம் அதேதான், ஆனால் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுகூட இல்லை. இந்த வாய்ப்பு எந்த வேகத்தில் தேய்கிறது என்பதைத்தான் 'பெரும் விலகல்' கோட்பாடு கணக்கிடுகிறது. நாணயக் கணக்கு பழையது. ஸ்வீடனில் கிராமர் என்ற கணித அறிஞர் 1938லேயே காப்பீட்டுக் கம்பெனிக் கணக்குக்காக இந்த வழியில் போயிருக்கிறார். மிகவும் சிக்கலான அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரே கோட்பாடாக வளர்த்தது வரதன், கூரன்டில் உடன் வேலை பார்த்த டான்ஸ்கரோடு சேர்ந்து. எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. அரிய சம்பவம் ஒன்று நடந்தே தீருமென்றால், நடக்கக்கூடிய வழிகளில் எது குறைந்த அரிதோ அந்த வழியில்தான் பெரும்பாலும் நடக்கும். நான் இப்போது மல்லுக்கட்டுவதும் அந்த வழியைத் தேடித்தான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் வரதன் ஒரு மகனை இழந்தார். அதை அவருடைய கணக்கோடு முடிச்சுப் போட்டு எழுதுகிறார்கள் சிலர். எனக்கு அது பிடிக்கவில்லை.

சரி, என் விஷயம். இந்த மாதம் வேலைக்கான விண்ணப்பங்களை அனுப்பிவிட்டேன். பதில் பிப்ரவரி வாக்கில் வரும். அமெரிக்காவில் மட்டுமில்லை, சிறுசேரி சென்னை கணிதக் கழகத்துக்கும் போட்டிருக்கிறேன். வரதன் இங்கேயே தங்கிவிட்டார். சென்னைக் கழகத்தைத் தொடங்கிய சேஷாத்ரியோ 1960இல் பாரிஸிலிருந்து திரும்பி வந்தவர். இரண்டு பேரும் நன்றாகத்தான் கணக்குப் போட்டார்கள். எது முதலில் வருகிறதோ பார்ப்போம். அதுவரை அத்தையிடம் ஜாதகக் கட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. ஜனவரியில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக் கிலோ கொடுத்தனுப்பவும்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

உங்கள் அன்பு மகள்