குஞ்சுகளோடு இரண்டு தகரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஐப்பசி பிறந்து முதல் மழையும் விழுந்துவிட்ட நிலையில், தம்பலகாமத்தில் எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள சில குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகச் சென்ற வாரம் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்குப் பத்துக் குஞ்சுகள். மூன்று வாரம்கூட நிரம்பாத அவற்றுக்கு இறகு அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருந்தது. கூடு எவருக்கும் கொடுக்கப்படவில்லை. கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நான் குறைகூற வரவில்லை. பெற்றுக்கொண்ட பெண்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியையும் கண்டேன். ஆயினும், வாடைக்காற்று எழும் வேளையில் திறந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்த அக்குஞ்சுகளில் எத்தனை தைப்பொங்கலைக் காணும் என்பது, நாற்பது ஆண்டுகளாக ஆடும் கோழியும் வளர்த்துவரும் எனக்குத் தெரியும். அந்தக் கவலையே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

2022 டிசம்பரை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாண்டஸ் புயல் எங்கள் கரைக்கு அப்பால் கடலில் வடமேற்கே நகர்ந்து, 9 ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்தது. அந்த நாட்களில் வீசிய குளிர்காற்றிலும் விடாத மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. குளிரைத் தாங்காமல் இறந்தன என்றே அப்போது கூறப்பட்டது. என்னுடைய ஐந்து ஆடுகளில் மூன்று ஒரே இரவில் இறந்தன. அவற்றில் ஒன்று இன்னும் பத்து நாளில் குட்டி ஈன இருந்தது. வேலியோரப் பூவரசில் அடைந்திருந்த ஊர்க்கோழிகளில் ஒன்பது விடியும்போது மரத்தடியில் விறைத்துக் கிடந்தன. ஆனால் விறகுக் கொட்டிலுக்குள் தாமாகவே போய் ஒதுங்கியிருந்த ஆறு கோழிகளும், குசினிச் சுவரை அண்டிப் படுத்திருந்த இரண்டு ஆடுகளும் பிழைத்துக்கொண்டன. முற்றமும் ஒன்று, இரவும் ஒன்று, குளிரும் ஒன்று. இவை பிழைத்து அவை இறந்தது ஏன் என்ற கேள்வி நெடுநாள் என் மனத்தில் கிடந்தது.

அதற்கான விடை, நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. 2024 ஜனவரியில் கனடாவின் மொன்றியல் நகரில் வாழும் மகளிடம் சென்றிருந்தபோது, நகருக்கு வெளியே ஆடும் கோழியும் வளர்க்கும் ஒரு குடும்பத்தின் பண்ணைக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். அன்று காலை வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 22 பாகை செல்சியஸ். முழங்கால் வரை பனி குவிந்திருந்தது. அந்நாட்டவர் கோழிகளைச் சூடாக்கிய அறைக்குள் வைத்திருப்பார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தது சாதாரண மரக்கொட்டில். வெப்பமூட்டி எதுவும் இல்லை. வெப்பம் தரும் விளக்கு வைக்கோலில் விழுந்து கொட்டிலே எரிந்துபோகும் ஆபத்து இருப்பதால் வளர்ந்த கோழிகளுக்கு அதை வைப்பதில்லை என்று அந்த வீட்டு அம்மா கூறியதை மகள் எனக்கு விளக்கினாள். தண்ணீர் உறைந்துபோகாதபடி பாத்திரத்தின் அடியில் மட்டும் சிறியதொரு மின்சூடாக்கி இருந்தது. கோழிகளோ சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, எந்தக் குறையுமில்லாமல் கிளறிக்கொண்டிருந்தன.

நான் அந்தக் கொட்டிலுக்குள் நெடுநேரம் நின்றேன். தரையில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சீவலும் வைக்கோலும் பரப்பியிருந்தார்கள். கையை விட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. கோழிகள் அடையும் உயரத்தில் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கூரைக்குச் சற்றுக் கீழே, கோழியின் தலைக்கு எட்டாத உயரத்தில், இரு பக்கமும் நீளமாகத் திறப்பு விடப்பட்டிருந்தது. இத்தனை குளிரில் ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் அது கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறைந்து, அவ்விடத்துச் சதை கருகிப்போகும் என்றார். அவர்கள் கோழி அடையும் கட்டைகூட உருண்டையாக இராமல் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தது. கோழி அதன்மேல் குந்தும்போது வயிற்றுத் தூவல் விரல்களை முழுவதும் மூடிக்கொள்ளும். குளிரோடு அவர்கள் போராடுவதில்லை. ஈரத்தையும், உடம்பில் நேராக அடிக்கும் காற்றையும் மட்டுமே விலக்கிவைக்கிறார்கள்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. அந்த வெப்பத்தைக் காப்பது தூவல்களுக்கிடையில் சிறைப்படும் காற்று. சிலிர்த்துக்கொள்வதெல்லாம் அக்காற்றுப் படையைத் தடிப்பாக்குவதற்கே. தூவல் நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் நிற்கும், நீர் உடலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும், வாடைக்காற்று அந்நீரை ஆவியாக்கி மேலும் குளிர்விக்கும். ஆகவே உறைபனிக்கு எவ்வளவோ மேலான எங்கள் மார்கழி இரவில் நனைந்த கோழி இறக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 22 பாகையில் உலர்ந்த கோழி உயிரோடிருக்கிறது. எனது விறகுக் கொட்டிலில் ஒதுங்கிய ஆறும் பிழைத்தது இதனால்தான்.

அந்நாட்டுக் கோழி இனத்தின் சிறப்பே காரணம் என்று சிலர் கூறக்கூடும். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. கியூபெக் மாகாணத்தின் ஓக்கா துறவிமடத்தில் சகோதரர் வில்ஃப்ரிட் என்பவர் 1908 இல் தொடங்கிப் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய ஷான்ட்கிளேர் என்ற கோழிக்குக் கொண்டையும் தாடியும் இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியவை. குளிரில் கருகுவதற்கு அங்கே சதையே இல்லை. ஆனால் உறைபனி காணாத திருகோணமலைக்கு அந்தக் குணம் தேவையற்றது. எங்களுக்கு வேண்டியது புதிய இனம் அல்ல, ஒழுகாத கூரை.

இங்கே நாம் செய்யும் ஒரு தவறையும் குறிப்பிட வேண்டும். மழை தொடங்கியதும் கூட்டைச் சுற்றித் தறப்பாளை மேலிருந்து கீழ்வரை இறுகக் கட்டிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே செய்தேன். காலையில் திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் நாற்றம் வருமானால், அது எச்சத்திலிருந்து எழும் அமோனியா; அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். ஈரம் ஊறிய படுக்கையில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி பெருகி, மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லும். இதைப் பலர் குளிர் பட்ட சாவு என்றே எண்ணிவிடுகிறார்கள். வாடையும் கொண்டலும் அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகாலோ தகரத்தாலோ அடைத்து, கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்துவிட்டு, தரையை ஓரடி மண்போட்டு உயர்த்தி, நெல் ஆலையில் கிடைக்கும் உமியைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் போதும். கால் நட்டு உயர்த்திய மரக்கூடு வைத்திருப்பவர்கள், பலகை இடுக்கு வழியாகக் கீழிருந்தும் காற்று ஏறும் என்பதை மறவாமல், காற்றுப் பக்கத்தில் சாக்கைத் தொங்கவிட வேண்டும். மாலையில் ஒரு கைப்பிடி சோளம் போட்டால் இரவு முழுவதும் செரித்து உடம்புக்குச் சூடு தரும்.

குஞ்சுகளின் நிலை வேறு. உலர்ந்த இடம் மட்டும் அவற்றுக்குப் போதாது. பொரித்த முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டு போகலாம். முன்பு ஒரு பெட்டிக்குள் மின்குமிழைத் தொங்கவிட்டால் அந்தச் சூடு கிடைத்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் எல்ஈடி குமிழ்கள் வெளிச்சம் தருகின்றனவே ஒழிய, குஞ்சு காய்வதற்கான சூடு தருவதில்லை. இதை அறியாமல் விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையில் குஞ்சுகளை இழந்தவர்களை நான் அறிவேன். புயல் வந்தால் மின்சாரமும் போய்விடும். பொரித்த ஓரிரு நாள் குஞ்சுகள் என்றால், இரவில் அடைக்கோழியின் கீழே மெதுவாக வைத்துவிடலாம். பெரும்பாலான ஊர்க்கோழிகள் தம் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். மூன்று வாரக் குஞ்சுகளை அவ்வாறு ஏற்பது அரிது. அயலில் கொடுக்கப்பட்டவை அந்த வயதினவே.

ஆடுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. எங்கள் ஆடுகளின் மயிர் குட்டையானது, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. அரை மணி நேர மழையில் தோல்வரை நனைந்துவிடும். அவற்றின் அடுப்பு வயிற்றில் இருக்கிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நார்த்தீனி நொதிக்கும்போது எழும் சூடே குளிரில் அவற்றைக் காக்கிறது. ஆனால் மழை நாளில் ஆடு மேயப் போகாது, நாமும் குழை ஒடிக்கப் போவதில்லை. ஆகவே சூடு மிகவும் தேவைப்படும் இரவில் அது வெறும் வயிற்றோடு நிற்கிறது. என்னுடைய மூன்று ஆடுகளும் அன்று இரண்டு நாளாகச் சரியாகத் தின்றிருக்கவில்லை என்பதை இப்போது நினைத்து வருந்துகிறேன். கனடாவில் அந்த அம்மா தம் ஆடுகளுக்கு இரவுதோறும் அள்ளிவைத்ததெல்லாம் உலர்புல்தான். நமக்கு அதற்கு இணையானது வைக்கோல். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் சிறுபோகம் அறுவடையானதும் இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலை வயலிலேயே எரித்துவிடுகிறோம். அதில் பத்துக் கட்டுகளை எடுத்துத் தகரத்தின் கீழ் அடுக்கிவைத்தால் நான்கைந்து ஆடுகளைப் புயல் நாட்களில் பட்டினியின்றி வைத்திருக்கலாம். கிளிசரியாவும் முருங்கையும் வேலியில் நிற்கின்றன. அவற்றை மழைக்கு முன்பே ஒடித்து வாடவைத்துக் கலந்து கொடுக்கலாம். மாரியில் ஈனும் குட்டியைச் சாக்கால் துடைத்து உலர்த்தி, முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் கடும்புப் பால் குடிக்கச் செய்ய வேண்டும். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்க்கையில் சில்லிட்டிருந்தால், முதலில் உடம்பைச் சூடாக்கிய பிறகே பால் கொடுக்க வேண்டும். விறைத்த குட்டியால் விழுங்க முடியாது.

பெரும்போகம் விதைத்ததும் மாட்டுப் பட்டிகள் வயலோரத்திலிருந்து காட்டுப்பக்கம் விரட்டப்படுவதும், மேய்ச்சல் தரை சுருங்கி வருவதும் இதைவிடப் பெரிய துயரம். அதற்குத் தனிக் கடிதமே வேண்டும்; இங்கே கொல்லைப்புறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாவட்டத்தில் குஞ்சும் ஆடும் வழங்கும் அனைவரிடமும், அவர்களுக்கு வழிகாட்டும் பிரதேச செயலகங்களிடமும், கால்நடை வைத்திய அலுவலகங்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குஞ்சு கொடுக்காதீர்கள். மாசியில் கொடுங்கள். அப்போது மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், கொடுத்த குஞ்சு அடுத்த மாரிக்குள் முழுத் தூவலும் மூடி முட்டையிடும் பேடாகிவிடும். பத்துக் குஞ்சு கொடுக்கும் பணத்தில் ஆறு கொடுத்து, மிகுதிக்கு இரண்டு தகரமும் நான்கு தடியும் கொடுங்கள். ஆடு கொடுப்பதற்கு முன் கொட்டில் இருக்கிறதா என்று ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும்.

இவ்வாண்டு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எனது விறகுக் கொட்டிலில் பாதியை ஒதுக்கி, பக்கத்து மூன்று வீட்டுக் குஞ்சுகளை நேற்று மாலை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம். மற்ற வீடுகளுக்குத் தகரம் தேவைப்படுகிறது. மழை வலுக்க இன்னும் இரண்டு மூன்று வாரங்களே உள்ளன.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
தம்பலகாமம், திருகோணமலை.