கிரிட்ல மொத்த டேபிளையும் கொட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல டேட்டாபேஸ் ரெக்கார்டுகளை கிரிட்ல, அதாவது கட்டம் கட்டமா இருக்கிற அட்டவணைல, காட்டுறத பத்தி கொஞ்சம் விரிவா எழுதுங்க, புதுசா கத்துக்கிறவங்களுக்கு ரொம்ப உதவும். 2005ல மைக்ரோசாஃப்டோட டாட்நெட் 2.0 கூட வந்த டேட்டாகிரிட்வியூங்கிற கிரிட் இன்னைக்கும் நிறைய சாஃப்ட்வேர்ல ஓடுது, ரெக்கார்டுகளை மெமரில வச்சுக்கிற டேட்டாடேபிளை நிரப்பி கிரிட்டோட டேட்டாசோர்ஸ்ல குடுத்தா போதும், ரெண்டு வரில வேலை முடிஞ்சிரும், ஆனா பலபேர் அதோட நிறுத்திடறாங்க.

நான் எழுதின பில்லிங் புரோகிராம் நூறு ரெக்கார்டு இருந்தப்ப பறந்துச்சு, லட்சத்தை தாண்டினதும் விண்டோ அப்படியே வெள்ளையா உறைஞ்சு நின்னுச்சு, நானும் டேட்டாபேஸ் மேல சந்தேகப்பட்டு ரெண்டு நாள் தேடலை வேகப்படுத்துற இண்டெக்ஸை நோண்டிக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா காலம் (பத்தி) அகலத்தை தானா சரிபண்ணுற கிரிட்டோட ஆட்டோசைஸ்காலம்ஸ்மோட்ல ஆல்செல்ஸ்னு இருக்கு, அகலம் கணக்கு பண்ண ஒவ்வொரு செல்லையும் (கட்டத்தையும்) அது அளந்துக்கிட்டு இருந்திருக்கு! டிஸ்ப்ளேட்செல்ஸ்னு மாத்தினா கண்ணுக்கு தெரியுற வரிசைகளை மட்டும்தான் அளக்கும். ரெக்கார்டு இன்னும் பெருகினா விர்ச்சுவல்மோட் இருக்கு, அதுல இந்த செல்லுக்கு என்ன மதிப்புன்னு கேக்கிற செல்வேல்யூநீடட் ஈவண்ட் வழியா திரைக்கு வேண்டியத மட்டும் கிரிட் கேட்டு வாங்கிக்கும்.

அப்புறம் போன் நம்பர் ஃபீல்டை தயவுசெஞ்சு டெக்ஸ்டா வைங்க, நம்பரா வச்சா முன்னாடி இருக்கிற சைபர் போயிரும், அப்புறம் கிரிட்ல என்ன பண்ணாலும் சரியான நம்பர் திரும்ப கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்