புள்ளி விழுந்த வாழைப்பழத்தைக் கழிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழ மண்டி வியாபாரிகளுக்கும் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த சீப்புகளைப் பல கடைகளில் சாயங்காலமே கழித்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். குளிர் அறையிலிருந்து வந்த, தோல் சாம்பல் பூத்த சீப்போ முழு விலைக்குப் போகிறது. இரண்டில் வாங்கக் கூடாதது பின்னதுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வாழைத்தோல் கறுக்கக் கிருமி எதுவும் வேண்டாம். தோலின் செல்லுக்குள் டோபமைன் முதலான பீனால் சேர்மங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன. செம்பு அடங்கிய பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் இடத்தில் இருக்கிறது. நடுவில் மெல்லிய சவ்வுகள். அவை சிதைந்து, இரண்டும் கலந்து, ஆக்சிஜனும் சேர்ந்தால் பீனால்கள் குயினோன்களாகும். குயினோன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பாகும், கறுப்பாகும். வாழைப்பூவை நறுக்கிய கையோடு மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, அதுவும் இதற்காகத்தான். புளிப்பில் அந்த நொதி மந்தப்பட்டுவிடும்.

சரி, சவ்வு எதனால் சிதைந்தது? பழத்தின் தரம் அதைப் பொறுத்தது.

நன்றாகப் பழுத்தால் சவ்வு தானே தளரும். காயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருந்த மாவுச்சத்து அதற்குள் பெரும்பாலும் சர்க்கரையாகியிருக்கும். துவர்ப்பைத் தந்த டானின்களும் ஒன்றாகப் பிணைந்து, நாக்குக்குத் தெரியாமல் போயிருக்கும். புள்ளி விழும் நேரம்தான் பழம் நல்ல ருசியில் இருக்கும் நேரம். ஒரு விவசாயி மாதக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சி, காற்றுக்கு முட்டுக் கொடுத்து வளர்த்த தார், இனிக்கிற அன்றைக்கே குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. தோல் வெடித்து நீர் கசிந்தாலோ பூஞ்சை பிடித்தாலோ தாராளமாகக் கழியுங்கள், அது வேறு.

குளிரால் வரும் கறுப்பு அப்படியில்லை. வாழை வெப்பநாட்டுப் பயிர். காயைச் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் சவ்வுகள் பழுதாகிக் கசியத் தொடங்கும். தோல் மங்கிச் சாம்பல் நிறமாகும், உள்ளே காய் ஒழுங்காகப் பழுக்காது. அப்புறம் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு விட்டாலும் அந்த மணமும் இனிப்பும் முழுதாக வராது. ஆப்பிளுக்கு ஏற்ற குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியது. அதே அறையில் வாழைக்காயையும் அடுக்கினால் காய் கெடத்தான் செய்யும். (பழுத்த பிறகு வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்குமே தவிர, சதை நன்றாகவே இருக்கும். வாங்குகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.)

அடிபட்ட கறுப்பும் உண்டு. லாரியிலிருந்து தாரை வீசி இறக்கும்போது காயில் பட்ட அடி அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது, பழுத்ததும் பளிச்சென்று தெரியும். வாழைச் சருகை மெத்தையாகப் பரப்பி இறக்கினாலே பாதித் தொல்லை குறையும்.

வாழைக்கென்று தனி அறை வையுங்கள். 13, 14 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். அறைக்குள் ஒரு வெப்பமானியை மாட்டி, தினமும் பார்க்க ஒருவரை நியமியுங்கள். புள்ளி விழுந்த சீப்பை ‘இன்றே சாப்பிட ஏற்றது’ என்று எழுதி, விலையைக் குறைத்து முன்வரிசையில் வையுங்கள். புதிதாகக் குளிர் அறை கட்டுகிறவர்கள், திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் ஆலோசனை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உணவு வேதியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்