உடை விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் உடை ஒழுங்கு விதிகளை வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பணி நேரத்தில் சமயச் சின்னம் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று ஒரே ஒரு வரி. படித்தேன் என்பதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். என் கழுத்துச் சங்கிலியிலும் ஒரு சின்னம் உண்டு. அது சட்டைக்குள் கிடந்தது. அந்த வரி என்னைத் தொடவே இல்லை.

இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த பெண்மணியைத் தொட்டது. மறுநாள் முதல் அவர் பத்து நிமிடம் முன்னதாகவே வரத் தொடங்கினார். வாசலை ஒட்டிய நடைவழியில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சிறிய டப்பாவில் போடுவார். துணியை நான்காக மடித்துக் கைப்பையில் வைப்பார். பிறகு இரண்டு கைகளாலும் தலைமுடியை அழுத்திவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வருவார். மாலையில் அதே சுவர், அதே ஊசிகள். ஏழு மாதம் இப்படி நடந்தது. பிறகு அவர் வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று வாய் திறக்காமல் இருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது; அதனால்தான் இந்த மடல்.

“எல்லோருக்கும் ஒரே விதிதானே” என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுத்தில் ஒரே விதிதான். ஆனால் சிலருடைய நம்பிக்கை சட்டைக்குள் அடங்கிவிடும். சிலருடையது தலையில் இருக்கிறது, தாடியில் இருக்கிறது, நெற்றியில் இருக்கிறது. முதல் வகையினர் அந்த விதிக்காக எதையும் இழப்பதில்லை. இரண்டாம் வகையினர் தினமும் வாசலில் இழக்கிறார்கள்.

பிரான்ஸ் 2004 மார்ச்சில் இயற்றிய சட்டம், அரசுப் பள்ளி மாணவர்கள் தங்கள் சமயத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளங்களை அணியக் கூடாது என்றது. கண்ணை உறுத்தாத சிறிய பதக்கம் இருக்கலாம். தலைப்பாகை கட்டுகிறவன் என்ன செய்வான்? ஒரு சீக்கிய மாணவன் அதற்கும் வழி சொன்னான். பெரிய தலைப்பாகை வேண்டாம், அதன் அடியில் கட்டும் ‘கெஸ்கி’ என்ற சிறிய கருநிறத் துணியோடு வருகிறேன் என்றான். பள்ளி ஏற்கவில்லை, அவன் நீக்கப்பட்டான். வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. 2012-ல் அந்தக் குழு, அவனுடைய உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. அவன் செய்த எந்தக் காரியமும் நீக்கத்துக்குக் காரணமில்லை, ஒரு கூட்டத்தாரில் ஒருவனாகக் கருதப்பட்டதே காரணம் என்பதை அது சுட்டிக்காட்டியது. நியாயம் கிடைத்தபோது அவன் பள்ளி வயதைத் தாண்டியிருந்தான்.

உங்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்பீர்கள்: “உங்கள் மதம் இதைக் கட்டாயம் என்கிறதா?” மரியாதையான கேள்விபோலத் தோன்றும். ஆனால் அதைக் கேட்கும் நொடியில் ஓர் அலுவலர், அடுத்தவருடைய மதத்துக்கு உரை எழுதுகிறவராக ஆகிவிடுகிறார். தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில், தென்னிந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு மாணவி சிறிய மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள். பள்ளி விதிப்படி காதில் தோடு போடலாம்; மூக்கில் போடக் கூடாது. வழக்கு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. மூக்குத்தி மதக் கட்டளை அல்ல, விரும்பிப் போடுவது என்பது யாருக்கும் தெரியும். தலைமை நீதிபதி பயஸ் லங்கா 2007-ல் எழுதிய தீர்ப்பு, கட்டாயமில்லாத வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. மூக்குத்தியால் பள்ளியின் ஒழுங்கு கெட்டதற்குச் சான்று இல்லை என்றும் கண்டது. ஒரு பொட்டு அளவு உலோகத்துக்காக ஒரு நாட்டின் உச்ச அமர்வு இவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறது. சுற்றறிக்கை எழுதும் நமக்கு அரை மணி நேர யோசனைகூட இல்லையா?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி ஆபத்து. அறுவை அரங்கில் மோதிரமும் கயிறும் கூடாது. அடையாளம் சரிபார்க்கும் இடத்தில் முகத்தைக் காட்டத்தான் வேண்டும். பார்த்து முடித்ததும் மூடிக்கொள்ள விடலாம். இவற்றில் தீங்கு எது என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறது. சீக்கியர்கள் தங்கள் நம்பிக்கைப்படி அணியும் கிர்பான் என்ற குறுவாளைப் பள்ளிக்கு எடுத்துவருவதை அடியோடு தடுத்த முடிவை, கனடாவின் உச்ச நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. உறையிலிட்டு, ஆடைக்குள் பிரிக்க முடியாதபடி தைத்திருந்தால் போதும் என்ற ஏற்பாடு அங்கே சாத்தியமாயிற்று. வாளுக்கே வழி காண முடியும் என்றால் துணிக்குக் காண முடியாதா?

சீருடைக்காரர்களின் விஷயம்தான் கடினம், ஒப்புக்கொள்கிறேன். காவலரும் நீதிபதியும் ஆசிரியரும் எல்லோருக்கும் பொதுவானவர்களாகத் தெரிய வேண்டும் என்ற கவலை பொய்யல்ல. ஆனால் கனடாவின் தேசியக் காவல் படை 1990-ல் தலைப்பாகையை அனுமதித்தபோது அதை எதிர்த்து மக்கள் மனு மேல் மனுவாகக் கையெழுத்திட்டார்கள். சீக்கியரான பல்தேஜ் சிங் தில்லன் அதே தலைப்பாகையோடு அந்தப் படையில் பல்லாண்டு பணியாற்றினார். அதே நாட்டின் கியூபெக் மாகாணம் 2019-ல் எதிர்த் திசையில் சட்டம் செய்தது: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சமயச் சின்னம் அணியக் கூடாது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதே பதவியில் நீடிக்கும்வரை அணியலாம் என்று விலக்கும் கொடுத்தது. ஆக, ஒரே ஆசிரியர் அறையில் ஒருவர் தலைத்துணியோடு பாடம் நடத்தலாம், புதிதாக வருபவர் நடத்தக் கூடாது. துணி உண்மையிலேயே குழந்தைகளுக்குக் கேடு என்றால் முன்னவரை எப்படி விட்டுவைத்தார்கள்? இதற்கு எனக்கு இதுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

நடுநிலை தேவைப்படுவது சுவருக்கு. அலுவலகச் சுவரும் வகுப்பறைச் சுவரும் எல்லோருக்கும் சொந்தம். அங்கே ஒரு மதத்தின் சின்னம் மட்டும் தொங்குவதை நான் ஏற்கமாட்டேன். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை தொங்கலாம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-ல் சொன்ன தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. மனிதர்களின் உடம்பு அலுவலகச் சுவர் அல்ல. அவர்கள் பிறரை எப்படி நடத்துகிறார்கள், யாருக்கு எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதை வைத்து அவர்களை அளவிடுங்கள். பாரபட்சம் காட்டினால் தண்டியுங்கள், தலையில் என்ன இருந்தாலும் சரி.

வீட்டாரின் கட்டாயத்துக்காக அணியும் பெண்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஈரானில் அரசே கட்டாயப்படுத்துகிறது. தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி என்ற இளம்பெண் 2022 செப்டம்பரில் காவலில் இறந்தபோது அங்கே பெண்கள் துணியைக் கழற்றித் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். அணியச் சொல்லி மிரட்டுவதும் கழற்றச் சொல்லி மிரட்டுவதும் ஒரே அதிகாரத்தின் இரு வேலைகள். தவிர, வீட்டில் கட்டாயத்தில் இருக்கும் பெண்ணைப் பள்ளி வாசலில் நீங்கள் திருப்பி அனுப்பினால், அவள் போகும் இடம் அதே வீடுதான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. உங்கள் விதிப் புத்தகத்தில் அந்த ஒற்றை வரி இருந்தால், அதற்கு எதிரே, அதனால் தடுக்கப்படும் தீங்கு எது, யாருக்கு என்று பேனாவால் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், அந்தத் தீங்குக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் விதியைச் சுருக்குங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். அந்த வரியால் வேலையையோ படிப்பையோ விட்டுப் போனவர்கள் இருந்தால், அவர்களுடைய முகவரி உங்கள் கோப்பில் இருக்கும். ஒரு கடிதம் அனுப்பித் திரும்பக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அன்று பேசாமல் கையெழுத்திட்டவர்களில் ஒருவன்