கிராக் கேம் இனி ஏற்றித் தரமாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் எங்கள் கல்லடிக் கடையில் கிராக் செய்த கேம்களை, அதாவது காசு கொடுத்து வாங்காமல் பூட்டை உடைத்து ஓடவிடும் திருட்டுப் பிரதிகளை, ஏற்றித் தருவதில்லை. ஹாட் டிஸ்க்கோடு வந்து, "அண்ணன், ஜிடிஏ ஃபைவ் ஏத்தித் தாங்க" என்று கேட்ட தம்பிமார் சிலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் ஒரு அம்மா மகனின் கணினியைக் கொண்டுவந்தார். மகன் உயர்தரம் படிக்கிறான். ஏதோ ஒரு கேமின் கிராக்கை இறக்கியிருக்கிறான். 'அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓடவிடவும்' என்று அதில் இருந்ததாம், அப்படியே செய்திருக்கிறான். நாங்கள் திறந்து பார்த்தபோது பாடக் குறிப்புகள், செயற்றிட்டம், தங்கச்சியின் சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து ஒட்டிக்கிடந்தது. ஒன்றும் திறபடவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சிறு கடிதம்: 980 டொலர் கட்டவும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490. கிராக், கீஜென் (திருட்டுச் சாவி எண் உருவாக்கும் மென்பொருள்) என்பவற்றோடு சேர்ந்து பரவும் 'ஸ்டாப்' என்ற ரான்சம்வேர் அது; கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் வைரஸ். "மறுகா எடுக்க ஏலாதா மனே?" என்று அந்த அம்மா கேட்டார். போமட் அடித்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தோம். படங்கள் போனது போனதுதான்.

அந்தக் கிராக் எங்கள் கடையில் ஏற்றியது இல்லை. ஆனால் சீடி காலத்திலிருந்து நாங்களும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம் என்பது தெரிந்தும் செய்தோம். அது பிழை.

"கணினியில் கேம் அடிக்கிற காலம் முடிஞ்சுதா?" என்றும் பலர் கேட்கிறீர்கள். கடைக்கு வரும் கூட்டம் குறைந்தது உண்மை. பாதிப் பேர் ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று போனுக்குப் போய்விட்டார்கள். 2022இல் ரூபா விழுந்தபோது கிராஃபிக்ஸ் காட் விலை கைக்கு எட்டாமல் போனது. அதற்காக விளையாட்டு செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் மூன்றும் இலவசம். அவை கம்பனியின் சேர்வரில் ஓடுவதால் கிராக்குக்கு அங்கே வேலையில்லை. திருட்டுப் பிரதியால் அடிபடுவது, ஒரு சிறு குழு வருடக்கணக்கில் உழைத்துச் செய்யும் கதை கேம்கள்தான். 2014இலிருந்து பெரிய கம்பனிகள் திருட்டுப் பிரதியைத் தடுக்க டெனுவோ என்ற பூட்டைப் போடுகின்றன. அந்தப் பூட்டின் தொல்லை காசு கொடுத்து வாங்கியவருக்கும் சேர்த்துத்தான்.

சரி, இனி என்ன செய்வோம்? ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கணக்குத் திறக்க மின்னஞ்சல் போதும், வங்கிக் கார்ட் தேவையில்லை. உங்கள் கணினியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீமில் இருக்கும் இலவச கேம்களை நாங்கள் இறக்கி வைத்திருப்போம். ஒரே நெட்வேர்க்கில் இருக்கும் இன்னொரு கணினிக்கு அப்படியே மாற்றும் வசதி 2023இலிருந்து ஸ்டீமிலேயே இருக்கிறது. உங்கள் டேட்டா போகாது. எபிக் ஸ்டோர் என்ற இன்னொரு இணையக் கேம் கடை வாராவாரம் ஏதாவது ஒரு கேமை இலவசமாகத் தருகிறது. அந்த ஜிடிஏ ஃபைவைக்கூட 2020 மே மாதத்தில் தந்தார்கள், அப்போது எடுத்தவர்களுக்கு அது இன்றும் சொந்தம். காசுக்கு வாங்குவதென்றால் ஸ்டீமில் தள்ளுபடிக் காலம் வரும்வரை பொறுங்கள். விலை டொலரில் என்பதால் அந்த வித்தியாசம் பெரிது. பிடிக்காவிட்டால், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், 14 நாளுக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம்.

கணக்குத் திறந்து, கேம் மாற்றித் தருவதற்கு இந்த மாதம் முழுவதும் காசு வாங்கமாட்டோம். மாலை 5 மணிக்குப் பிறகு வந்தால் ஆறுதலாக இருந்து செய்து தரலாம்.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடையினர்,
கல்லடி, மட்டக்களப்பு